என் வண்டியில் பூந்தொட்டி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதம். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கன்னம் வீங்கி வருகிறவர்களை உட்காரச் சொல்வது, முறைப்படி பெயரைக் கூப்பிடுவது, "இன்னும் எவ்வளவு நேரமாகும்" என்று கேட்கிறவர்களிடம் சிரித்துக்கொண்டே பொய் சொல்வது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு நானே போய் நானே வந்தேன். இந்தக் கதையில் முக்கியமானது அதுதான்.

சின்ன வயசில் வந்த போலியோவில் எனக்கு இரண்டு காலும் சூம்பிப் போய்விட்டன. இதைப் படித்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டாம். எனக்கு அது பழகிப்போன சமாச்சாரம். பழகவே பழகாதது ஒன்று உண்டு. வெளியே போக வேண்டுமென்றால் ஒருத்தர் முகத்தைப் பார்த்து நிற்பது. 'நிற்பது' என்று எழுதிவிட்டேன், பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அவருக்குப் போன் வரக் கூடாது, அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் அன்றைக்குச் சண்டை இருக்கக் கூடாது. இத்தனையும் கூடி வந்தால்தான் நான் வாசலைத் தாண்ட முடியும்.

அந்தக் கஷ்டத்தில் இருந்து என்னை வெளியே எடுத்தது ஒரு மூன்று சக்கர சைக்கிள். கையால் ஓட்டுகிற வண்டி. நெஞ்சுக்கு நேராகக் கைப்பெடல் இருக்கும். அதைச் சுற்றினால் செயின் முன்சக்கரத்தை இழுக்கும், அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். அப்பா உயிரோடு இருந்தபோது செய்து கொடுத்தது. அவர் மரவாடியில் வேலை பார்த்தவர். இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி வெல்டிங் பட்டறையில் ஒன்றாக ஒட்டவைத்து, இடித்த வீட்டில் இருந்து வந்த தேக்குப் பலகை ஒன்றைச் சீட்டாகப் போட்டு, எங்கிருந்தோ ஒரு பித்தளை மணியையும் கொண்டுவந்து மாட்டினார். பார்க்க சாமி புறப்பாட்டு வாகனம் மாதிரி இருக்கும். தெருவில் பிள்ளைகள் கேலி பேசும். பேசட்டும் என்று மணியை அடித்துக்கொண்டு போய்விடுவேன்.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மேடு ஏறுகிற இடத்தில், கைப்பெடல் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினேன். வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் ஒரு மினி பஸ், விடாமல் ஹாரன். யாரோ இரண்டு பேர் இறங்கி வந்து வண்டியைப் பிடித்து ஓரம் தள்ளினார்கள். தள்ளினவர்களில் ஒருத்தர், "வீட்ல ஆள் இல்லையாம்மா, தனியா அனுப்பிச்சுட்டாக" என்றார். உதவி செய்தவரிடம் கோபப்பட முடியாது. நன்றி சொன்னேன்.

என் வண்டியை எப்போதும் பார்க்கிற சைக்கிள் மெக்கானிக் ஒருத்தர் இருந்தார். எனக்கு அண்ணன் மாதிரி, நன்றாகக் கேலியும் பேசுவார். கைப்பெடலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பல்லாஸ்பத்திரில உக்காந்துக்கிட்டு வண்டிப் பல்லப் பாக்காம விட்டுட்டியே. பூராம் தேஞ்சு போச்சு" என்றார். செயின் உட்காருகிற பல்சக்கரத்தில் பல் இருந்த இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. புதிதாக வருகிற வண்டிகளின் பல்சக்கரம் இதற்குச் சேராதாம். சிங்கம்புணரியில் ஒருத்தர் பழைய மூன்று சக்கர வண்டிகளைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார், அங்கே போய்த் தேடினால் கிடைக்கும் என்றார். அளவு பார்ப்பதற்காகக் கைப்பெடலையும் தேய்ந்த சக்கரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டார். வண்டி அவர் கடைக்கு வெளியே நின்றது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெளியூரில் பழைய சாமான் கடை என்றால் பேப்பரும் பாட்டிலும் எடுக்கிற கடை. எங்கள் ஊரில் அப்படியில்லை. பெரிய வீடுகளில் இருந்து வந்த தூண், கதவு, பீங்கான் ஜாடி, சுவர்க்கடிகாரம், எனாமல் தூக்கு, இவையெல்லாம் இருக்கிற கடைக்குத்தான் அந்தப் பெயர். ஹோட்டல் கட்டுகிறவர்களும் சினிமாக்காரர்களும் காரில் வந்து பார்த்துப் பார்த்து எடுத்துப் போவார்கள். அந்தக் கடைகள் இருக்கிற தெருவில் 'பழசா' என்று ஒருத்தர் கேட்டால், வயசைக் கேட்கவில்லை. அசல் சாமான்தானா, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார் என்று அர்த்தம். 'ஆமாம், பழசுதான்' என்றால் பேச்சு முடிந்தது. மெக்கானிக் அண்ணன் கடை அந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது.

அவர் நினைத்தபடியே பல்சக்கரம் கிடைத்துவிட்டது. கைப்பெடலில் அதைப் பொருத்திக்கொண்டு மறுநாள் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் கடைக்கு வெளியே வண்டி இல்லை. என் தம்பி எடுத்துப் போயிருப்பான் என்று அவர் நினைத்தார். அவர் பூட்டி உள்ளே வைத்திருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். சாயங்காலம் போனில் பேசியபோதுதான் இரண்டு பக்கமும் வண்டி இல்லை என்று தெரிந்தது. பக்கத்துக் கடைகளில் கேட்டால், தூணும் கதவும் ஏற்ற லாரிகள் வந்து போய்க்கொண்டே இருந்தன, யார் கவனித்தார்கள் என்றார்கள். இரும்புக்கு எடைபோட்டிருப்பார்கள் என்று தம்பியும் மெக்கானிக்கும் இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள்.

"இங்குட்டுத்தான் நின்னுச்சு தங்கச்சி. கைப்பெடலு இல்லாத வண்டிய எவன் எடுப்பான்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேன்" என்று மெக்கானிக் அண்ணன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னார். அவர் பக்கத்தில் பைக்குள் புதுப் பல்லோடு கைப்பெடல். வண்டி இருந்தபோது பல் இல்லை, பல் வந்தபோது வண்டி இல்லை. சிரிப்புத்தான் வந்தது எனக்கு. அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

வேலைக்குத் தம்பிதான் பைக்கில் கொண்டுபோய் விட்டான். அவனுக்குப் பாத்திரக் கடையில் வேலை. என்னை ஏற்றி, இறக்கி, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் கடைக்குப் போனால் தினமும் தாமதம், தினமும் முதலாளியிடம் திட்டு. அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் என்னால் வேலைக்குப் போக முடியவில்லை, அப்புறம் இன்னொரு நாள். டாக்டர் நல்ல மனுஷர். "ஒண்ணும் அவசரமில்ல, சரியானதும் வாங்கம்மா" என்றார். அடுத்த வாரம் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக அங்கே இருக்கிற நர்ஸ் தங்கச்சி போன் பண்ணிச் சொல்லிவிட்டு, "மனசுல வச்சுக்காதீக அக்கா" என்றாள்.

தம்பி பெண்டாட்டி எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "எதுக்கு மதினி வெளிய போயி இந்த வெயில்ல கஷ்டப்படுறீக. வீட்ல இருங்க. நாங்க பாத்துக்கிற மாட்டமா?" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அவளைப் போல ஒரு பெண் கிடைப்பது அபூர்வம் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்தச் சோற்றை என்னால் விழுங்க முடியவில்லை. வண்டி திரும்பி வராவிட்டால் என் மிச்ச காலம் முழுக்க இந்தத் தட்டுக்கு முன்னால்தான் என்று அப்போதுதான் முழுசாக விளங்கியது. அன்றையில் இருந்து ஜன்னல் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். தலை வாரக்கூடத் தோன்றவில்லை.

அப்படிக் கிடந்தபோதுதான் அதே நர்ஸ் தங்கச்சி ஒரு படம் அனுப்பினாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தது. கொத்தமங்கலத்தில் புதிதாக ஹோட்டலாக மாற்றியிருக்கிற ஒரு பெரிய வீட்டின் முன்னால் ஒரு பெண் சாய்ந்து நின்று சிரிக்கிறாள். அவள் சாய்ந்திருப்பது என் வண்டி மேல். 'அக்கா, இது ஒங்க வண்டி மாதிரி இருக்கே' என்று கீழே எழுதியிருந்தாள். மாதிரி என்ன மாதிரி! அந்த மணி, அந்தப் பலகை. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அரை மணி நேரத்தில் அவர் ஆட்டோவோடு வந்து நின்றார். கையில் அந்தப் பை. "பூட்டி ஒன்ன அதுலயே ஓட்டிக்கிட்டு வர வைக்கிறேன் பாரு" என்றார். தம்பியும் கூட வந்தான். ஆட்டோவில் போகிறபோது நானும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். வெகு நாளைக்குப் பிறகு தலையெல்லாம் வாரியிருந்தேன்.

கொத்தமங்கலத்தில் அந்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. முன்னால் புல்தரை, படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே என் வண்டி. மூன்று சக்கரத்தையும் அடியில் சிமெண்ட் போட்டு நிலத்தோடு பூசியிருந்தார்கள். பின்பக்கம் பூந்தொட்டி வசதியாக உட்காருவதற்காக இரும்பை அறுத்து எடுத்துவிட்டு வேறு கம்பி வைத்து ஒட்டியிருந்தார்கள். கைப்பெடல் மாட்டுகிற முன்தண்டு நீட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் வெட்டியாகிவிட்டது. சீட்டுப் பலகையில் தண்ணீர் வடிய ஓட்டை. பலகை மேல் வரிசையாகத் தொட்டிகள், எல்லாவற்றிலும் காகிதப்பூ. மணியை மட்டும் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் குனிந்து அந்த வெட்டின இடத்தைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். பையை அவர் கீழே வைக்கவேயில்லை.

ஹோட்டல் மேனேஜர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. விஷயத்தைக் கேட்டதும் பதறிப் போய்விட்டார். சாமான் ஏற்றி வந்த டிரைவரை உடனே போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் டிரைவர் குரல்: "கேக்காம ஏத்தல சார். நம்ம வாங்குன சாமானோட சேந்ததுன்னுதான் நெனச்சேன். கடத் தெருவுல நின்ன ஒரு அண்ணன்ட்ட, இது பழசாண்ணேன்னு கேட்டேன். ஆமாப்பா, ரொம்பப் பழசு, எங்கப்பா காலத்துதுன்னு அவர்தான் சொன்னாரு. அப்பறந்தான் ஏத்துனேன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மெக்கானிக் சிங்கம்புணரி போயிருந்த நாளில், அவர் திரும்பிவிட்டாரா என்று பார்த்து வரச் சொல்லி நான்தான் அவனை அனுப்பியிருந்தேன். கடை பூட்டியிருந்தது, வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான். யாரோ ஒருத்தன் வண்டியைப் பற்றிக் கேட்டதும் இவன் பதில் சொன்னதும் அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. காரைக்குடியில் பிறந்து வளர்ந்தவன், அந்தத் தெருவில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? இந்தக் கேள்வி எனக்கு அந்த இடத்திலேயே வந்தது. வெளியே கேட்கவில்லை.

மேனேஜரிடம், தொட்டிகளைக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்து ஆட்கள் தொட்டிகளை இறக்கினார்கள். தம்பி என்னைத் தூக்கிப் பலகையில் உட்கார வைத்தான். பலகை ஈரமாக இருந்தது. உட்கார்ந்ததும் என் இரண்டு கையும் தானாக நெஞ்சுக்கு நேராக மேலே போயின. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. காற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அப்புறம் அழுதேன். அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். போலியோ வந்ததற்குக்கூட நான் அப்படி அழுததாக ஞாபகம் இல்லை.

மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவ்வளவு அழகா இருந்ததால, இத யாரோ தினமும் ஓட்டிட்டு இருந்திருப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது.

ஆட்டோவில் திரும்பினோம். ஊர் எல்லைக்கு வந்த பிறகு தம்பி வெளியே பார்த்துக்கொண்டே, "சும்மா பேச்சுக்குக் கேக்குறான்னு நெனச்சேன்க்கா. அப்பா செஞ்சதுன்னு பெருமையாத்தான் சொன்னேன்" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் வேண்டுமென்று செய்கிற பிள்ளை இல்லை. ஆனால், இனிமேல் அக்கா வீட்டோடு இருக்கட்டும் என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்திருந்ததால்தான் அந்தக் கேள்வி அவன் காதில் சரியாக விழவில்லையோ என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றும். அன்றைக்கு அவன் சொன்னதை நம்பினேன். நம்பாமல் எங்கே போவது, எதில் போவது?

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த ஹோட்டலில் இருந்து ஒரு வண்டி வந்தது. ஈடாக ஏதாவது செய்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள், சொன்னபடி செய்துவிட்டார்கள். பெரிய அட்டைப்பெட்டிக்குள் புத்தம்புதுச் சக்கர நாற்காலி. மெத்தை வைத்தது, மடக்கலாம், மினுமினுவென்று இருந்தது. நான்கும் சின்னச் சக்கரம். பின்னால் தள்ளுகிறவர் பிடித்துக்கொள்ள இரண்டு பிடி. ஏர்போர்ட்டில் வயசானவர்களை வைத்துத் தள்ளிப் போவார்களே, அந்த மாதிரி. உட்கார்ந்திருக்கிறவர் தானாக நகர அதில் வழியே இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள், எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று அக்கம்பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பி பெண்டாட்டி என்னை அதில் வைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் நின்று பேசினாள். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் நானும் நின்றேன். நான் திரும்ப நினைத்த தெருவில் அவள் திரும்பவில்லை. "இது போதும்ல மதினி, சொகமா இருக்குல்ல" என்று கேட்டாள். சுகமாகத்தான் இருந்தது. இல்லாத குறையை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். "நாங்க தள்ள மாட்டோம்னா சொன்னோம்" என்று அவள் கண் கலங்கிவிட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

அரசாங்கத்தில் கொடுக்கிற வண்டிக்கு மனுப் போட்டிருக்கிறேன். வரும் என்கிறார்கள். மெக்கானிக் அண்ணன் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று கையில் அடித்துச் சொன்னார், பாதி வரைக்கும் செய்தும் வைத்தார். நடுவில் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இப்போது கடைக்குக் கொஞ்ச நேரம்தான் வருகிறார். அவரை அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அந்த நர்ஸ் தங்கச்சி எப்போதாவது பேசும்போது, என் நாற்காலியில் இருக்கிற பெண் டோக்கனைத் தப்புத் தப்பாகக் கூப்பிடுகிறாள் என்று சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பாள். நானும் சிரிப்பேன்.

எங்கள் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சொந்தக்காரர்கள்கூட ஹோட்டல் ஹோட்டலாகப் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். சுவரில் மாட்டிய உரல், கண்ணாடி போட்டு மேஜையாக்கிய கதவு, பூ வைத்த தொட்டில். எவ்வளவு அழகு பார் என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதில் உட்கார்ந்து யார் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் இப்போது எந்தச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.